ஆறிப்போன டயர்

அக்கா, நான் அத்தானுடைய பைக்கில் காற்றைப் பிடுங்கிவிட்டேன் என்று அவர் உனக்கு போன் செய்திருப்பார். அது பொய்.

காலையில் ரேஸ் டிராக்கில் ஓட்டிவிட்டு வந்தவுடன், டயர் கொதித்துக்கொண்டிருக்கும்போதே காற்றை முப்பதுக்கு வைத்தார். சாப்பிட்டுவிட்டு வந்து அளந்தால் இருபத்தைந்து காட்டியது. உடனே என்னை முறைத்தார்.

"கை வெச்சியாடா?"

"இல்ல அத்தான். டயர் ஆறிடுச்சு, அதான் எறங்கியிருக்கு. நாலு ரவுண்டு ஓடினா தானா ஏறும்."

"எனக்கே பாடமா? அடுத்தவன் நல்லா இருந்தா உங்க வீட்டு ஆளுங்களுக்கு வயிறு எரியும். கல்யாணத்துல இருந்து பாத்துட்டுத்தானே இருக்கேன்."

வீம்புக்கு பம்ப் வைத்து முப்பத்தாறுக்கு ஏற்றினார். சூடானால் அது நாற்பதைத் தாண்டும், அக்கா. வளைவில் சாய்க்கும்போது டயர் தரையைப் பிடிக்காமல் வழுக்கும். சொல்லிப் பார்த்தேன். "வாய மூடுறா" என்றார்.

அவர் கையுறை மாட்டும் நேரத்தில் சாவியை உருவிக்கொண்டு ஓடிவந்துவிட்டேன். இப்போது கழிப்பறைக்குள் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு பேசுகிறேன். அவர் கதவை உதைக்கிறார்.

"வெளிய வாடா. நாளைக்கே உன்னை ஊருக்கு மூட்டை கட்டி அனுப்புறேன் பாரு."

அவர் தயவில்தான் இந்த நாட்டில் இருக்கிறேன். அனுப்பினாலும் அனுப்புவார். ஆனால் அந்தக் காற்றை இறக்கும்வரை சாவியைத் தரமாட்டேன். நீ அவர் பக்கம் பேசினாலும் தரமாட்டேன்.