ரெண்டு கப் உப்பு

பட்டறை கேன்டீனில் அண்டாவைக் கிண்டுவது அண்ணி, உப்பு அளந்து போடுவது அவள் கொழுந்தன். உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் சொன்னது அவனுக்கு மட்டும்தான். அவனோ பட்டறைக்கே குறைத்தான். ரெண்டு கப் என்றால் ஒன்றரைதான் விழும். சண்டை போட்டு அலுத்துப்போன அண்ணி, ஒன்றரை வேண்டிய இடத்தில் ரெண்டு என்றே சொல்லிப் பழகிவிட்டாள்.

இந்த வாரம் அவன் இன்னும் கையை இழுத்துக்கொண்டான். பருப்பு சப்பென்று இருக்கிறதென்று ஆட்கள் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினார்கள். காலையில் சூப்பர்வைசர் வந்து நின்றார். "இன்னிக்கும் வாயில வைக்க முடியலேன்னா, நாளையிலேர்ந்து சாப்பாடு வெளியிலேர்ந்து வரும். நீங்க வீட்டுக்குப் போகலாம்."

"ரெண்டு கப் போடுடா," என்றாள் அண்ணி வழக்கம்போல.

கொஞ்ச நேரம் கழித்துக் கரண்டியில் எடுத்து நாக்கில் வைத்தவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எவ்வளவுடா போட்டே?"

"ரெண்டு. தலைதட்டி."

"ரெண்டா? முழுசாவா?"

"நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

"நான் சொன்னதை என்னிக்குடா நீ கேட்டிருக்கே? இன்னிக்குப் பார்த்துதானா உனக்குக் கீழ்ப்படியத் தோணுச்சு?"

"வேலை போயிடும்னாரே, பயந்துட்டேன்."

தலையில் அடித்துக்கொள்ளக்கூட அவளுக்கு நேரமில்லை. உப்பே போடாமல் இன்னொரு அண்டாவில் பருப்பு ஏற்றினாள். அது குழைந்ததும் இதில் கொட்டுவதும், கலக்குவதும், நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்புவதுமாக, எவ்வளவு கொட்டினாள் என்பது அவளுக்கே தெரியாது. வெளியே மணி அடித்தாயிற்று. வரிசையில் நின்றவர்கள் தட்டைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

சூப்பர்வைசர்தான் முதலில் வாயில் வைத்தார். மென்றார். இன்னொரு வாய் எடுத்தார்.

"ம், இது சாப்பாடு. இனிமே தினமும் இதே அளவு. எத்தனை கப் உப்பு?"

"ரெண்டு, சார்!" என்றான் கொழுந்தன் நெஞ்சை நிமிர்த்தி. "தலைதட்டி!"

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அவன் முகத்தில் பெருமை வழிந்தது. நாளைக்கும் ஒற்றை அண்டாவில் ரெண்டு கப்பைக் கவிழ்ப்பான் என்பதில் அண்ணிக்குச் சந்தேகமே இல்லை.

அவன் கையிலிருந்த கப்பைப் பிடுங்கிக்கொண்டு துடுப்பைத் திணித்தாள்.

"நாளையிலேர்ந்து நீ கிண்டு."

"தோள்பட்டை வலிக்குமே அண்ணி?"

"நல்லா வலிக்கட்டும்."