நூற்றைம்பதிலிருந்து தொண்ணூறு

அன்று காலை பத்து மணிக்குத் தொட்டி அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: மேலாளர், ஆய்வகத்து அம்மா, மெக்கானிக் கடுகு, தொட்டிக்குப் பொறுப்பான என் தம்பி மகள், கம்ப்ரசருக்குப் பொறுப்பான நான். வேறு சாட்சி தேட வேண்டாம்.

எங்கள் குடும்பத்தில் யாரையும் திறமை போதாது என்று வேலையிலிருந்து இறக்கியதில்லை. அந்த மாதம் அந்தப் பெயருக்கு ஆபத்து வந்தது. தொட்டியில் நாங்கள் வளர்ப்பது ஒரு பூஞ்சை. மாவைச் சர்க்கரையாக உடைக்கும் நொதியை அது சுரக்கும். அதை வடித்து விற்பதுதான் ஆலையின் பிழைப்பு. தொடர்ந்து இரண்டு தொட்டிகளில், அதாவது இரண்டு முறை வளர்த்ததில், நொதி தேறவில்லை. மூன்றாவதும் போனால் தொட்டியை வேறொருவரிடம் கொடுத்துவிடுவேன் என்று மேலாளர் தம்பி மகளிடம் நேராகவே சொல்லிவிட்டார்.

பூஞ்சை பெருகப் பெருகக் குழம்பு கூழாகும். உள்ளே விடும் காற்று சரியாகக் கரையாது. ஆக்சிஜன் அளவைக் காட்டும் எண் விழும். விழுந்தால், காற்று கரையட்டும் என்று தொட்டிக்குள் சுழலும் கலக்கியின் வேகத்தைக் கூட்டுவோம். இருபத்திரண்டு வருட வழக்கம் அது. அந்த இரண்டு தொட்டிகளிலும் அதைத்தான் செய்திருந்தோம்.

அன்று மூன்றாவது தொட்டியிலும் எண் முப்பதிலிருந்து பதினெட்டுக்கு இறங்கியது.

"கூட்டும்மா. என்ன வேடிக்க பாத்துட்டு நிக்கிற?" என்றார் மேலாளர்.

"கூட்டல சார். கொறைக்கப் போறேன்."

கடுகு சிரித்துவிட்டான். "மூச்சு முட்டுறவனுக்கு ஃபேன நிறுத்துறீங்களேக்கா."

"அது ஃபேன் இல்லடா, கத்தி. நேத்து மைக்ராஸ்கோப்புல பாத்தேன். நூல் நூலா இருக்கவேண்டிய பூஞ்சை துண்டு துண்டா கெடக்கு. நாம ஓட்டுற ஓட்டத்துல நறுக்கித் தள்ளுறோம். அப்புறம் அது எங்க சுரக்கும்?"

"அப்ப ஆக்சிஜனுக்கு?" என்றார் மேலாளர்.

"சர்க்கரைப் பாகைப் பாதியாக்குறேன். தீனி கொறஞ்சா மூச்சும் கம்மியா வாங்கும். தொட்டி அழுத்தத்தக் கொஞ்சம் ஏத்துறேன். காத்த நீங்க கூட்டிக் குடுங்க பெரியப்பா."

"உன் தொட்டி, உன் பொறுப்பு," என்றார் மேலாளர்.

நூற்றைம்பது சுற்றில் ஓடிய கலக்கியைத் தொண்ணூறுக்குக் கொண்டுவந்தாள். எண் பதினொன்றுக்குப் போனது. பிறகு ஒன்பது. மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கலக்கியின் விசையை நோக்கி ஒரு கை நீண்டது.

"கைய எடுங்க," என்றாள் தம்பி மகள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கை விலகியது. ஒன்பதிலேயே எண் நாற்பது நிமிடம் நின்றது. அவள் கைகட்டி நின்றாள். எத்தனையோ துணிச்சல்காரர்களைப் பார்த்திருக்கிறேன். எதையும் தொடாமல் நாற்பது நிமிடம் நிற்கும் துணிச்சலை அன்றுதான் பார்த்தேன். பிறகு பன்னிரண்டு, பதினேழு. நண்பகலில் இருபத்தாறு.

மறுநாள் மாலை ஆய்வகத்து அம்மா தொட்டிச் சாற்றை மாவுக் கரைசலில் கலந்து, விட்டுவிட்டு ஒவ்வொரு சொட்டாக அயோடினில் விட்டார். மாவு மிச்சமிருக்கும்வரை அயோடின் நீலமாகும்; நீலம் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதுதான் கணக்கு. சீக்கிரம் நின்றால் நொதி அதிகம். முந்தைய தொட்டிகள் பதினொரு நிமிடம் எடுத்தன.

"நாலு நிமிஷம் பத்து செகண்டு," என்றார். "கடிகாரத்தச் சந்தேகப்பட்டு மூணு தடவ பாத்துட்டேன்."

"தொட்டி உன்கிட்டயே இருக்கட்டும்மா," என்றார் மேலாளர்.

அனுபவசாலியான பெரியப்பா பின்னால் நின்று வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் காப்பாற்றினார் என்று ஆலையிலும் உறவிலும் ஒரு பேச்சு உலவுகிறது. அது தவறு. விசையை நோக்கி நீண்ட கை என்னுடையது. வேகத்தைக் கூட்டத்தான் நீண்டது.