நீலச் சட்டைக்கு ஆள் தேடிய கதை

1

இந்தக் கதை எனக்குப் பல் வலியால் கிடைத்தது. பல் மருத்துவரைப் பார்க்கக் காத்திருந்தேன். பக்கத்து அறையில் ஒருவர் குனிந்து உட்கார்ந்து பல்செட் ஒன்றை ராவிக்கொண்டிருந்தார். வெகுநேரமாக யாரும் அவரிடம் பேசவில்லை, அவரும் யாரிடமும் பேசவில்லை. வீட்டுக்குப் போனாலாவது பேச ஆள் இருக்குமா என்று யோசித்தேன். வலி போய்விட்டது, யோசனை போகவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: அன்று மாலை வானம் கறுத்து, காற்று மெல்ல

(வேண்டாம். வானத்தில் தொடங்கினால் கீழே இறங்கி வரவே இரண்டு பக்கம் ஆகும்.)

2

பல்செட்காரர் என்றே அவரை வைத்துக்கொள்வோம். ஒரு பழைய குடியிருப்பின் மேல்மாடியில் தனியாக இருக்கிறார். பகலெல்லாம் அவர் மேசையில் ஊரார் வாய்களின் அச்சுகள் பிளந்தபடி கிடக்கும். ஒன்றாவது அவரைச் சாப்பிட்டாயா என்று கேட்டதில்லை. படிக்கட்டில் யாராவது எதிரே வந்தால் சாவியைத் தேடுகிறவர்போல் பையைத் துழாவிக்கொண்டே நழுவிவிடுவார்.

(முதலில் எழுதியபோது இவருக்கு மனைவி இருந்தார். அந்த அம்மாள் மொட்டைமாடிக்குப் போய்ச் சட்டையை எடுத்து வந்துவிட்டார், கதை அங்கேயே முடிந்துபோயிற்று. வேறு வழியில்லாமல் அவரை நீக்கிவிட்டேன்.)

3

பல்செட்காரர் தன் நீலச் சட்டையை மொட்டைமாடிக் கொடியில் காயப்போட்டுவிட்டு மறந்துவிட்டார். மழை பிடித்துக்கொண்டது. நினைவு வந்து ஓடினால், குடியிருப்போர் சங்கச் செயலாளரும் இரண்டாம் மாடி நர்ஸும் அதை ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பிழிந்துகொண்டிருந்தார்கள்.

"யாருதுன்னு உங்களுக்குத் தெரியுமா சார்?" என்றார் நர்ஸ்.

குடிவந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் ஒருவர் அவரிடம் கேட்ட முதல் கேள்வி அது. என்னுடையது என்று சொல்ல வேண்டியதுதானே? பதறிப்போய், "தெரியலையே" என்றுவிட்டார். (நான் அடித்து அடித்து எழுதிப் பார்த்தேன். மனிதர் ஒவ்வொரு முறையும் அதையேதான் சொன்னார்.)

4

சட்டை கீழே படிக்கட்டடியில் ஓர் ஆணியில் மாட்டப்பட்டது. யாரும் கேட்டு வரவில்லை. தூசி படிகிறதே என்று நர்ஸ் மறுபடி துவைத்தார். செயலாளர் இஸ்திரி போட்டார். முதல் மாடி எலக்ட்ரீஷியன் அறுந்த பொத்தானைத் தைத்தார். சட்டைக்குச் சொந்தக்காரர் எப்படிப்பட்டவர் என்ற பேச்சு எழுந்தது. ஒருவர் நின்று பேசினார், மறுநாள் நாற்காலி வந்தது, பிறகு சாயங்காலமானால் ஏழெட்டுப் பேர். தேய்ந்த காலர் திருப்பித் தைக்கப்பட்டிருப்பதால்* ஆள் சரியான கஞ்சன் என்று செயலாளர் அடித்துச் சொன்னார்.

பல்செட்காரருக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்து, "அப்படிச் சொல்லாதீங்க. நல்ல மனுஷனாத்தான் இருப்பார்" என்றார்.

மறுநாளும் வந்தார். அப்புறம் சொந்த நாற்காலியோடு வந்தார். அவர் வர நேரமானால் பேச்சைத் தொடங்காமல் காத்திருந்தார்கள். ஒருவருக்காக நாலு பேர் காத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது, காத்திருக்க யாருமில்லாதவர்களுக்குத்தான் தெரியும்.

*அந்தக் காலரை எழுதியது நான். கஞ்சப் பட்டம் அவருக்கு என்னால் வந்தது.

5

திடீரென்று செயலாளருக்குக் கடமையுணர்ச்சி வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை எல்லா ஆண்களும் போட்டுப் பார்ப்பது, யாருக்குப் பொருந்துகிறதோ அவரே எடுத்துக்கொள்வது என்று அறிவித்தார்.

பல்செட்காரர் யோசித்தார். பொருந்தினால் இத்தனை நாள் பொய்யின் சாயம் வெளுத்துவிடும். அதைவிட, சட்டை மேல்மாடிக்குப் போய்விடும், கீழே நாற்காலிக்கு வேலையிருக்காது. சட்டை பொருந்தாதபடி பெருத்துவிடலாம் என்று மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறு வேளையாக்கினார். அரைப் பக்கம் அவரைச் சாப்பிட வைத்தேன். ஒரு சுற்றுகூடப் பெருக்கவில்லை.

என் கையில் இரண்டு முடிவுகள் இருந்தன. ஒன்றில் பொத்தான் தெறித்துச் செயலாளரின் கண்ணாடியில் படும். இன்னொன்றில் அவர் உண்மையைச் சொல்ல, எல்லோரும் கட்டிப்பிடித்து அழுவார்கள். இரண்டாவதை எழுதியபோது எனக்கே கூச்சமாக

6

ஞாயிறு. முதலில் செயலாளர் போட்டார். தொப்பைக்கு மேல் இரண்டு பக்கமும் சந்திக்கவே மறுத்தன. "கச்சிதம்" என்றார்கள் எல்லோரும். எலக்ட்ரீஷியனுக்குக் கை முழங்கையோடு நின்றது. அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறதாம். நர்ஸின் மாமனார் சட்டைக்குள் போய்க் காணாமலே போனார். அவருக்கும் எடுப்பாக இருந்ததாம். நான் இப்படித் திட்டமிடவே இல்லை. எழுதுகிறவன் ஒருவன் இருக்கிறானே என்று யாரும் சட்டை செய்யவில்லை.

கடைசியாகப் பல்செட்காரர் போட்டார். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது.

செயலாளர் அவரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ம்ஹும். தோள் இறங்குது சார்."

"கையும் நீளம்" என்றார் எலக்ட்ரீஷியன்.

பொத்தானைக் கழற்றிவிடுகிற சாக்கில் நர்ஸ் கிட்டே வந்து, அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "நான் துவைக்கிறப்பவே பல்செட்டுக்குப் போடுற ரோஸ் தூள் சட்டைப் பையில இருந்துச்சு. எங்க எல்லாருக்கும் அப்பவே தெரியும். சட்டையைக் குடுத்துட்டா நீங்க மேலயே இருந்துடுவீங்க. பேசாம கழட்டுங்க."

பிறகு உரக்க, மூன்று பேருக்குக் கச்சிதமாக இருப்பதால் இன்னும் முடிவாகவில்லை, அடுத்த ஞாயிறும் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

7

அவர் கண் கலங்கி நிற்கிறார். ஒரு கை இன்னும் சட்டைக்குள் இருக்கிறது. இப்போதாவது என்னுடையது என்று அவர் சொல்லித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் தாராளமாகச் சொல்ல வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நாளைச் சாயங்காலம் அத்தனை பேரும் எதற்காக இறங்கி வருவார்கள் என்பதையும் நீங்களே எழுதித் தர வேண்டும். நான் எழுத மாட்டேன்.