ஸ்டோர்ஸ் ஜன்னல்

"இன்னிக்கு ஓடலைன்னு வை, பழைய புரோகிராமையே திருப்பிப் போட்டுடுவேன்!"

ஏசுவடியானின் குரல் ஐ.டி. அறை முழுக்கக் கேட்டது. வல்லம் வடகாலில் கார் விளக்கு செய்யும் கம்பெனி அது. அவர் லைன் சூப்பர்வைசர். எதிரே நின்ற மதிவதனி, இரண்டு வருடம் முன்புவரை அவர் லைனில் ஸ்க்ரூ முடுக்கியவள். இப்போது விளக்குகளைச் சோதிக்கும் புரோகிராம் அவள் பொறுப்பு.

"புது மாடலு. ரெண்டு மணி லாரில போயாவணும். மூணு வாரமா இன்னாத்தையோ பிரிச்சுப் போட்டுக்கினு கீறியே, தாங்குமா?"

"தாங்கும்ணா."

பழைய புரோகிராமில், லைனில் விளக்கைச் சோதிக்கும் ஒவ்வொரு திரையும் தனக்கு வேண்டிய சோதனையைத் தானே உருவாக்கிக்கொண்டது. மொத்தம் நாற்பத்திரண்டு இடங்கள். போன வருடம் மாடல் மாறியபோது ஒன்றைத் திருத்த மறந்தார்கள். முந்நூறு விளக்குகள் திரும்பி வந்தன.

லைனில் யாரும் பாகங்கள் வைத்திருக்கும் ஸ்டோர்ஸுக்குள் நுழைய முடியாது. ஜன்னலில் சீட்டு நீட்டினால் பாகம் வரும். புரோகிராமிலும் அப்படி ஒரு ஜன்னல் வைத்திருந்தாள் மதிவதனி. இந்த முறைக்கு 'ஃபேக்டரி' என்று பெயர். திரை மாடல் எண்ணைக் கொடுக்கும்; சோதனையை உருவாக்கித் தருவது அந்த ஒரே இடம்.

புது மாடலுக்கான சோதனையை எழுதினாள். ஜன்னலில் ஒரு வரி சேர்த்தாள். திரைகளைத் தொடவே இல்லை. மணி பன்னிரண்டே கால்.

லைனுக்குப் போய் முதல் விளக்கைச் சோதனைக்கு வைத்தார்கள். திரை சிவந்தது. இரண்டாவதும் சிவப்பு.

"நான் சொல்லல? பழசைப் போடு!"

முன்பென்றால் நாற்பத்திரண்டு இடம் தேட வேண்டும். மதிவதனி ஒரே இடத்தைப் பார்த்தாள். நிமிர்ந்தாள்.

"புரோகிராம் சரியா இருக்குண்ணா. விளக்கைக் கழட்டுங்க."

"இன்னா தெனாவெட்டு!" என்றபடி கழற்றினார். உள்ளே பழைய மாடல் பல்பு.

"இது எந்தச் சீட்டுல வந்துச்சு?"

ஏசுவடியான் பின்னங்கழுத்தைச் சொறிந்தார். "சீட்டு... எங்க போடறது? அவசரம்னு, நேத்து மீந்த பல்பு பொட்டியை நான்தான் எடுத்து வெச்சேன்."

லைனே சிரித்தது.

சீட்டு போய் சரியான பல்பு வந்தது. பச்சை. அடுத்ததும் பச்சை. ஒன்று ஐம்பத்தைந்துக்கு லாரி கேட்டைத் தாண்டியது.

மறுவாரம் ஐ.டி. அறை ஜன்னலை யாரோ தட்டினார்கள். வெளியே ஏசுவடியான், கையில் ஒரு சீட்டு, அதில் அடுத்த மாடல் எண்.

"உள்ள வாங்கண்ணா."

"அய்ய, உள்ளலாம் வரக்கூடாதும்மா. ஜன்னல்லதான் தரணும்."

நாற்காலியிலிருந்து எழாமலே கை நீட்டி வாங்கிக்கொண்டாள் மதிவதனி.