தெரியாது என்று சொல்லாத அறுபது பேர்

எம்னா தாள்களை மூன்றாம் முறையாகப் புரட்டினாள். நூற்றிருபது வீடுகள். மறுநாள் ஆய்வறிக்கையைப் பேராசிரியர் மொன்செஃபிடம் கொடுத்தாக வேண்டும்.

துனீசியாவின் கைருவான் நகரில் இரண்டு பேட்டைகள். ஒன்றில் குழாயில் தினமும் தண்ணீர் வரும். மற்றதில் வாரத்துக்கு இரண்டு நாள். மற்றபடி இரண்டும் ஒன்றுபோலத்தான். தண்ணீர் சரியாக வராத பேட்டையில்தான் நகராட்சித் தேர்தலுக்கு அதிகம் பேர் ஓட்டுப் போட்டிருப்பார்கள் என்பது அவள் ஊகம். குலுக்கிப் பொறுக்கிய வீடுகளில் பாதிக்கு அவள் போனாள். மீதிக்கு அறைத்தோழி ஹைஃபா. மொத்தமாகக் கூட்டியபோது ஊகம் சரி என்றே வந்தது. அன்றைக்கு இருவரும் கட்டிப்பிடித்துச் சிரித்தார்கள்.

தாளில் ஒரு கேள்வி: உங்கள் வட்டார உறுப்பினர் பெயர் என்ன? எம்னாவின் அறுபது தாளில் பதினேழு பேர் ‘தெரியாது’ என்றிருந்தார்கள். ஹைஃபாவின் அறுபதில் ஒருவர்கூட இல்லை.

ஹைஃபாவின் நாற்பத்தொன்றாம் தாளில் இருந்த தொலைபேசி எண்ணை எம்னா அழைத்தாள். ஒரு வயதான பெண் எடுத்தார்.

“எங்கள யாரும் ஒண்ணும் கேக்கலையேம்மா. ரமலான்ல இருந்து நாங்க சூஸாவுல, மக வீட்லதான் இருக்கோம்.”

ஹைஃபா ஒரே கிண்ணத்தில் லப்லாபியும் இரண்டு கரண்டியுமாக வந்தாள்.

“நாப்பத்தொண்ணாம் வீட்டுக்குப் போனியாடி?”

“எழுதியிருக்கேன்ல.”

“அவங்க ஊர்லயே இல்லையாம்.”

ஹைஃபா ரொட்டியைப் பிய்த்துக் கொண்டைக்கடலைச் சாற்றில் போட்டாள். “பத்து வீட்டுக்குப் போனேன். வெயிலு, நாயி. மிச்சத்த இங்க உக்காந்து போட்டேன். ஏன் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க? உனக்கு என்ன வரணுமோ அதத்தான எழுதினேன். உங்க பேராசிரியர் வீடு வீடாப் போய்ப் பாக்கப்போறாரா?”

கேள்வி கேட்கப் போகிறவருக்கு உங்கள் ஊகம் தெரியக்கூடாது. முதல் வகுப்பிலேயே மொன்செஃப் சொன்னது. துனிஸிலிருந்து கைருவான் வரும்வரை வண்டியில் எம்னா அதைத்தான் ஹைஃபாவின் காதில் ஓதிக்கொண்டு வந்தாள்.

“நீ என் சிநேகிதின்னுதாண்டி உங்கிட்ட சொன்னேன்.”

“சிநேகிதின்னுதான் நானும் செஞ்சேன்.”

“எந்தப் பத்து?”

“என்னது?”

“நீ நெஜமாப் போன பத்து வீடு.”

ஹைஃபா கையைத் துடைத்துவிட்டுத் தாள்களை அள்ளினாள். நான்கைந்தை உருவினாள். இரண்டைத் திரும்பச் செருகினாள். பிறகு எல்லாவற்றையும் கீழே வைத்தாள்.

“தெரியலடி.”

எம்னா அறிக்கையைத் திறந்து நூற்றிருபது என்று இருந்த இடங்களில் அறுபது என்று மாற்றினாள். கணக்கை மறுபடி போட்டாள். இரண்டு பேட்டைக்கும் ஏறத்தாழ ஒரே எண் வந்தது. ‘ஊகம் நிறுவப்படவில்லை’ என்று எழுதினாள்.

“ஆறிடும், சாப்பிடு,” என்றாள் ஹைஃபா.

முன்னுரையின் கடைசிப் பத்தியில் ஹைஃபாவுக்கு நன்றி சொல்லியிருந்தது. எம்னா அதையும் அழித்தாள்.