பதினோரு புளியமரத்துக் காட்சிசாலை

தனுஷ்கோடி நாள்தோறும் காட்சிசாலையைத் திறப்பதற்கு முன், திருச்சுழிச் சாலையில் நிற்கும் பதினோரு புளியமரங்களையும் பார்த்துவிட்டு வருவார். கொம்பு ஒடிந்திருக்கிறதா, பூ நின்றிருக்கிறதா, ஆட்டுக்காரர்கள் கிளையை வெட்டினார்களா என்று ஒவ்வொரு மரத்தையும் சுற்றி வருவார். நலம் விசாரிப்பார் என்றே சொல்ல வேண்டும். அந்த மரங்களின் காய்ப்பை ஏலம் விட்டுத்தான் ஊர்ப் போர்டு காட்சிசாலையை நடத்தியது. கூரைக்கு ஓடு, சுவருக்குச் சுண்ணாம்பு, கரையானுக்குத் தார், காவலர் தனுஷ்கோடியின் சம்பளம் எல்லாம் புளியிலிருந்தே வந்தன. மழை பொய்த்த ஆண்டில் ஓடு மாற்றவில்லை. கிணறு வெட்டும்போது கிடைத்த பழங்காலத் தாழிகள் நனையாமல் இருக்க, தனுஷ்கோடி தம் பழைய வேட்டியைக் கிழித்து மேலே கட்டினார்.

இன்று மரங்களை யாரும் பார்க்கவில்லை. தனுஷ்கோடியின் உடல் கூடத்தில் கிடத்தப்பட்டிருந்தது. வாசல் பந்தலில் போட்ட பெஞ்சில் அவருடைய தம்பி ராஜகுரு உட்கார்ந்து, துட்டி கேட்க வந்தவர்களின் கையைத் தொட்டுக்கொண்டிருந்தார். வருகிறவர் இரண்டு கைகளையும் நீட்டுவார். இவர் அவற்றைத் தொட்டு இறக்குவார். பேச்சு இல்லை. அந்தப் பக்கத்து வழக்கம் அது.

பேச்சில்லாமல் இருக்க ராஜகுருவுக்குப் பழகியிருந்தது. அண்ணன் அவரோடு பேசி மூன்று மாதம் ஆயிற்று.

ராஜகுரு போர்டு ஆபீஸில் குமாஸ்தா. உலக யுத்தக் காலம், ரேஷன் தானியம் வைக்க இடம் போதவில்லை. ஆண்டில் அறுநூறு பேராவது வந்து பார்க்காவிட்டால் காட்சிசாலையை மூடிக் கிடங்காக்குவது என்று போர்டு தீர்மானித்தது. வருகைப் பதிவேட்டை எண்ணும் வேலை ராஜகுருவிடம் வந்தது. கையெழுத்திட்டவர்கள் நூற்று எண்பது பேர். மற்றவை வெறும் கட்டைவிரல் ரேகைகள், ஊதா மையில், பக்கம் பக்கமாக. சந்தைக்கு வந்த ஆட்டுக்காரர்களும் பருத்தி எடுக்கும் பெண்களும் வைத்தவை. பெயரில்லாத பதிவு செல்லாது என்று எங்கோ ஒரு விதி இருந்தது. அதை இங்கே பயன்படுத்தும்படி ஒருவரும் சொல்லவில்லை. ராஜகுரு தாமாகவே சிவப்பு மையை எடுத்து, அடிக்கோல் வைத்து, ஒவ்வொரு ரேகையின் மேலும் ஒழுங்காகக் கோடு இழுத்தார்.

அன்று மாலை தனுஷ்கோடி அந்தப் பக்கங்களைப் பார்த்தார். பிறகு, சுளகில் பயறு புடைத்துக்கொண்டிருந்த மனைவி வெள்ளைத்தாயிடம், தம்பியின் காதில் விழும்படி ஒரு கதை சொன்னார்.

"ஒரு காட்டுல சிங்கராசா, 'நம்ம ஊருணியில எத்தனை பேரு தண்ணி குடிக்கிறாக'ன்னு கொக்கைக் கேட்டுச்சாம். கொக்கு கரைச் சேத்துல பதிஞ்ச குளம்படியை மட்டும் எண்ணிச்சாம். பறந்துக்கிட்டே குடிச்ச குருவியை எண்ணலை. ஊந்து வந்த பாம்பை எண்ணலை. 'இந்தக் கொஞ்சப் பேருக்கு எதுக்கு ஊருணி'ன்னு மண்ணைப் போட்டுத் தூத்துட்டாக. மறு கோடையில கொக்குதேன் மொதல்ல நா வறண்டு நின்னுச்சாம்."

அதற்குப் பிறகு தம்பியை 'ஆபீஸ்காரவுக' என்றே குறிப்பிட்டார். இன்று விடிந்ததும், படுக்கையில் கிடந்த அண்ணன் பக்கம் ராஜகுரு தண்ணீர்ச் செம்போடு குனிந்தபோது, தனுஷ்கோடி கண்ணைத் திறந்து பார்த்தார்.

"வெள்ளைத்தாயி, வந்தவுகளை உக்காரச் சொல்லு."

அதுவே கடைசிப் பேச்சு. 'ஏலே குரு' என்று ஒரு தரம் கூப்பிட்டிருக்கலாம். அம்மா இறந்த அன்று, முப்பது வருஷத்துக்கு முன்னால், "ஏலே குரு, சாப்பிடுறா" என்று தோளைப் பிடித்து உலுக்கிய குரல் அது. பெஞ்சில் இருந்தவாறே ராஜகுரு இரண்டு முறை கூடத்தைத் திரும்பிப் பார்த்தார்.

செவ்வாய்ச் சந்தை நாள். சந்தைக்கு வந்தவர்கள் செய்தி கேட்டு அப்படியே வந்தார்கள். பந்தல்குடிப் பக்கத்து ஆட்டுக்காரர் வீரணன், தொரட்டியைப் பந்தக்காலில் சாய்த்துவிட்டுக் கையை நீட்டினார். வலது கட்டைவிரலில் அரிவாள் வெட்டிய தழும்பு, குறுக்கே வெள்ளையாக ஓடியது.

ராஜகுரு அந்தக் கையை இறக்கவில்லை. அந்தத் தழும்பை அவர் ஊதா மையில் பார்த்திருக்கிறார்; பல பக்கங்களில்.

"நீங்க காட்சிசாலைக்கு வருவீகளா?"

"சந்தைக்குச் சந்தை வருவேன்யா. கடலையே பாக்காத பயலுக்குத் திமிங்கல எலும்பைக் காட்டுனது அவுகதேன். பாத்துட்டுக் கைநாட்டு வச்சுட்டுப் போவேன். அதையும் எவனோ ஒரு புண்ணியவான் செல்லாதுன்னு கோடு கிழிச்சுட்டானாம்ல! ஆடு மேய்க்கிறவன் கண்ணு, கண்ணு இல்லையாக்கும்?"

"கோடு கிழிச்ச தம்பி இவுகதேன்யா, பாத்துப் பேசு" என்று பின்னாலிருந்த ஒரு பெண் இடித்தாள்.

ராஜகுரு எழுந்து உள்ளே போனார்.

"மதினி, காட்சிசாலைச் சாவி வேணும்."

தலைமாட்டில் இருந்த வெள்ளைத்தாய் நிமிர்ந்தாள்.

"இப்பவா?"

"நாளை மறுநாள் போர்டு கூட்டம். மூடுறதா வேண்டாமான்னு அன்னிக்குத்தேன் முடிவு. இந்தச் சனம் கலைஞ்சுட்டா, பெறகு யார் கை எதுன்னு எனக்குத் தெரியாது."

அவள் மடியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தாள்.

பதிவேட்டோடு ராஜகுரு திரும்பியபோது பந்தலில் முணுமுணுப்பு எழுந்தது. "இழவு வீட்டுல ஆபீஸ் நடத்துறாரு பாருங்க" என்றார் ஒருவர். ராஜகுரு பெஞ்சில் பதிவேட்டை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். வீரணனின் ரேகைகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'வீரணன், ஆடு மேய்ப்பவர்' என்று எழுதினார். ஓரத்தில், 'கோடு இழுத்தது என் பிழை. ராஜகுரு, குமாஸ்தா' என்று எழுதி ஒப்பமிட்டார்.

"ஐயா, உங்க உத்தியோகம் போயிராதா?" என்றார் வீரணன்.

"அடுத்த ஆளு வாங்க."

இடித்த பெண் வந்தாள். செல்லக்கிளி என்று பெயர். "பொங்கல் கழிஞ்ச மொதச் சந்தை. நானும் மாரிக்கனியும் சோடியா வச்சோம். நசுங்குன வெரலு அவளுது. ஏ மாரிக்கனி, ஒன் அழகைக் கொண்டாந்து காட்டுடி!" துட்டி வீடென்பதை மறந்து இரண்டு பேர் சிரித்தார்கள். தேதியைச் சொல்லி, தழும்பைச் சொல்லி, ஒருவர் கையை மற்றவர் அடையாளம் காட்டி, ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

கடைசியில் ஒரு ரேகைக்கு மட்டும் ஆள் கிடைக்கவில்லை. சிறிய, வழவழப்பான ரேகை. வெள்ளிக்கிழமைதோறும் இருந்தது.

"இது யாரோடது?"

வெள்ளைத்தாய் நிலைப்படியில் வந்து நின்றாள்.

"என்னோடதுதேன். வெள்ளிக்கெழமை கஞ்சி கொண்டு போவேன். 'வந்தது வந்துட்ட, பாத்துட்டுப் போ'ம்பாக. புதுசா வந்தவளுக்குக் காட்டுற மாதிரி ஒவ்வொண்ணாக் காட்டுவாக."

ஊழியரின் குடும்பத்தார் பார்வையாளர் ஆகார் என்ற விதி ராஜகுருவுக்கு மனப்பாடம். பேனாவை மையில் தோய்த்து, 'வெள்ளைத்தாய்' என்று எழுதினார். பக்கத்தைத் திருப்பினார், அங்கும் எழுதினார்.

பாடை கட்டி முடித்தவர்கள், கயிற்று நுனியைக் கையில் பிடித்தபடி, அவரை அவசரப்படுத்தாமல் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள்.