அடோமாவுக்கு வந்துவிட்டது

வண்டிப் பட்டறைகள் நிறைந்த எங்கள் சுவாமே மேகசின் பேட்டையில் ஒரு லாரிக்கு பிரேக் பிடிக்கவில்லை என்றால், ஓட்டி வருகிறவன் முதலில் கடவுளைக் கூப்பிடுவான், அடுத்தபடியாக அடோமாவைக் கூப்பிடுவான். பிரேக் டிரம், பிரேக் கட்டை வியாபாரத்தில் எங்கள் சந்தில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பக்கத்துக் கடை என்னுடையது. நான் ஃபேன் பெல்ட்டும் பல்பும் விற்கிறேன். இடையில் ஒரு தகரத் தடுப்புதான். அவள் சிரிப்பு, சண்டை, ஏப்பம் எல்லாம் அதைத் தாண்டி வரும். அழுகை மட்டும் வந்ததே இல்லை. அதனால் அன்றைக்கு அது கேட்டதும் பல்புப் பெட்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

டயர் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தாள். கையில் மால்ட் என்கிற இனிப்புப் பான பாட்டில், பக்கத்தில் காலியாக இன்னும் இரண்டு.

"ஆஸ்பத்திரிக்குப் போனேன்டி பிராகோ. சினைப்பையில நீர்க்கட்டியாம். சக்கரையும் எல்லைல வந்து நிக்குதாம். இப்படியே விட்டா உள்ள வந்துடுமாம்."

"மாத்திரை குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. உடம்பக் குறைன்னாங்க. எப்படிக் குறைக்கிறதுன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டாங்க."

அவளுக்கு மாதவிலக்கு நின்று முக்கால் வருஷம் ஆகியிருந்தது. அது எனக்கு மட்டும் தெரியும். மோவாயில் முடி முளைத்தது ஊருக்கே தெரியும். மீசை வைத்த பெண் பணக்காரியாவாள் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். மெக்கானிக் பையன்களும் "மேடம், இன்னும் ரெண்டு முடி வளந்தா நீங்க பேங்க்கே தொறந்துடலாம்" என்று கிண்டல் செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். வீட்டுக்குப் போய்ப் பிடுங்கி எறிவாள்.

கல்யாணமாகி நான்கு வருஷம், பிள்ளை இல்லை. புருஷன் பொன்சு ட்ரோட்ரோ என்கிற மினிபஸ் ஓட்டுகிறவன். பிரேக் கட்டை வாங்க வந்தவன்தான், வந்த இடத்தில் மாட்டிக்கொண்டான். நல்ல மனுஷன். ஆனால் அவன் தங்கை செர்வா இருக்கிறாளே, அவள் வாய்க்கு பிரேக்கும் கிடையாது, கிளட்ச்சும் கிடையாது. ரெண்டு பிள்ளை பெற்றுவிட்டு மூன்றாவதைச் சுமந்துகொண்டிருந்தாள். ஒருநாள் பஸ்ஸில் கூவி விற்கிறவனிடம் ஒரு கஷாய பாட்டில் வாங்கி வந்து அடோமாவிடம் நீட்டினாள்.

"இந்தாங்க அண்ணி. பன்னெண்டு வியாதிக்கு ஒரே பாட்டிலாம். அதுல ஒண்ணாவது உங்களுக்குப் பொருந்தாமலா போகும்?"

அடோமா குடித்தாள். மறுநாள் முழுக்கக் கடைக்கும் சந்துமுனைக் கழிப்பறைக்கும் நடையாய் நடந்தாள். வியாதி போகவில்லை. வயிற்றில் இருந்ததெல்லாம் போனது.

இந்த நிலைமையில்தான் டாக்டர் ஆன்சாவின் கார் எங்கள் சந்துக்குள் கீச்சிட்டுக்கொண்டு நுழைந்தது. பழைய வண்டி. உள்ளேயிருந்து இறங்கியவளுக்கு எங்களைவிட வயது குறைவு. ஓட்டப்பந்தயக்காரி மாதிரி ஷூ, காதில் பெரிய வளையம். பிரேக் கட்டைக்கு விலை பேசிக்கொண்டே அடோமாவின் பின்பக்கமாகப் போய் நின்றாள்.

"மேடம், கழுத்துக்குப் பின்னால இந்தத் தடிச்ச கறுப்பு எப்போதிருந்து இருக்கு?"

அடோமா விருட்டென்று திரும்பினாள். "நான் குளிக்காத அழுக்குப் பிடிச்சவள்னு சொல்றியா?"

"ஐயோ, இல்ல. தேச்சாலும் போகாதுல்ல?"

அடோமாவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. கழுத்தை அவள் எத்தனை நார் போட்டுத் தேய்த்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும்.

"நான் இயற்கை மருத்துவம் பாக்கறவ. டாஃபோல கிளினிக். உங்களுக்குச் சக்கரையும் மாசக் கணக்கும் சரியா இருக்கான்னு பரிசோதிச்சீங்களா?"

நான் முந்திக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அடோமா என் தொடையைக் கிள்ளினாள். அதற்குள் அந்தப் பெண் ஒரு டயரை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"பிரேக் டிரம் வழுவழுன்னு தேஞ்சு போனா டிரைவர் என்ன பண்ணுவான்?"

"இன்னும் அழுத்தி மிதிப்பான்."

"அப்பவும் பிடிக்கலன்னா?"

"இன்னும் அழுத்துவான். கடைசில என்கிட்ட வருவான்."

"உங்க உடம்பும் அதத்தான் பண்ணுது. சக்கரைய அடக்க இன்சுலினக் குடுக்குது, பிடிக்கல. இன்னும் குடுக்குது, அப்பவும் பிடிக்கல. அந்த இன்சுலின் ரத்தத்துல ஏறி நிக்கறதப் பாத்து சினைப்பை குழம்பிப் போகுது. முடி, கழுத்துக் கறுப்பு, மாசக் கணக்கு நிக்கறது எல்லாத்துக்கும் வேர் அங்கதான் இருக்கு."

அடோமா மால்ட் பாட்டிலைக் கீழே வைத்தாள். இத்தனை நாளில் யாருமே அவளுக்கு இதை இப்படிச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் நாங்கள் டாஃபோவுக்குப் போனோம். மூலிகை வாசனையும் மந்திரமும் இருக்குமென்று நினைத்தேன். அங்கே எடை மெஷின், நாடா, ஒரு அடுப்பு இவ்வளவுதான். அடோமா பையிலிருந்து அந்தக் கஷாய பாட்டிலை எடுத்துக் காட்டினாள். டாக்டர் மூடியைத் திறந்து முகர்ந்துவிட்டு நேராகத் தொட்டிக்குள் கவிழ்த்தாள்.

"ஆஸ்பத்திரி மாத்திரை?"

"அத நிறுத்திட்டேன். நீ இயற்கை டாக்டராச்சே."

"இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்க. அத நிறுத்தினா இந்த வாசப்படி மிதிக்க வேணாம். நான் அவங்களுக்கு எதிர்க்கடை போடல."

பிறகு சாப்பாட்டுக்கு வந்தாள். மால்ட் கிடையாது. பயறும் கொன்டொமிரே கீரையும் முதலில், மரவள்ளியும் வாழைக்காயும் இடித்து உருட்டிய ஃபுஃபு கடைசியில்.

"ஃபுஃபு எவ்வளவு?"

டாக்டர் முஷ்டியை மடக்கிக் காட்டினாள்.

"இது யாரோட முஷ்டி? உன்னுதா, என்னுதா?" என்று கேட்டாள் அடோமா. டாக்டரின் கை சின்னது.

"உங்களதே இருக்கட்டும். ஆனா மத்தியானம் மட்டும். ராத்திரி கூடாது."

"ராத்திரி ஃபுஃபு சாப்பிடாத அசாந்திக்காரியா? எங்க ஆளுங்க என்னக் குலத்த விட்டே தள்ளிடுவாங்க!"

"தள்ளட்டும், நடந்து திரும்பி வாங்க. சாப்பிட்டதும் நடக்கணும். வாரத்துல சில நாள் கனமானது எதையாவது தூக்கணும். ராத்திரி செல்போன ஆஃப் பண்ணிட்டுத் தூங்கணும்."

கனமானது எங்கள் சந்தில் குறைவா என்ன? மறுநாள் மத்தியானம் அடோமா லாரி பிரேக் டிரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். பட்டறைகளில் சுத்தியல் சத்தம் நின்றுபோனது.

"மேடம், அத யாராவது திருடிட்டுப் போறாங்களா? ஏன் இப்படிக் கட்டிப்பிடிக்கறீங்க?" என்று கத்தினான் எதிர்ப்பட்டறை குவாட்டெங்.

"உன் பொண்டாட்டி உன்ன இப்படி ஒருநாள் கட்டிப்பிடிச்சிருந்தா உனக்குப் புரிஞ்சிருக்கும்!"

சந்தே அதிர்ந்தது. சாப்பிட்டபிறகு அவள் நடக்கக் கிளம்பினாள், துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு. எண்ணெய்ச் சேறு, கழற்றிப் போட்ட இன்ஜின்கள், வெல்டிங் பொறிகள், எல்லாவற்றையும் தாண்டி ஒரு சுற்று. "ஊர்வலம் வருது, வழி விடுங்கப்பா!" என்று பையன்கள் டப்பாவைத் தட்டினார்கள். அவள் அந்தத் தாளத்துக்கே இடுப்பை ஆட்டி நடந்தாள்.

மாதங்கள் போயின. எடை கொஞ்சம் இறங்கியது. ஆனால் எதற்காக இத்தனையும் செய்தாளோ அந்த மாதவிலக்கு வரவில்லை. அதற்குள் செர்வாவுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்துவிட்டது. பேர் வைக்கிற விழாவுக்குக் கூப்பிட வந்தவள், எல்லாரும் வெள்ளை உடுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போகிறபோது சும்மா போகவில்லை.

"நீங்களும் சீக்கிரம் கூப்பிடுங்க அண்ணி. ஆனா பிரேக் டிரம்முக்கெல்லாம் யாரும் பேர் வைக்க வரமாட்டாங்க."

அன்று ராத்திரி அடோமா இரண்டு ஆள் சாப்பிடுகிற ஃபுஃபுவைப் எண்ணெய்ப்பனைப் பழக் குழம்பில் ஊற வைத்து ஒரே மூச்சில் சாப்பிட்டாளாம். காலையில் டாக்டருக்குப் போன் போட்டு, "எல்லாம் முடிஞ்சுது. உன் முஷ்டிய நீயே வச்சுக்கோ" என்றாள். டாக்டர் திட்டவில்லை. "ஒரு வேளை தானே? பரவாயில்ல. ரத்தத்த மட்டும் ஒருதரம் குடுத்துட்டு வாங்க" என்றாள்.

முடிவு வந்தது. சர்க்கரை எல்லையை விட்டுப் பின்வாங்கியிருந்தது. அடோமா அந்தத் தாளை என் மூக்குக்கு நேரே ஆட்டினாள். "இறங்கிருக்குடி! பிரேக் பிடிக்குது!" அன்று மத்தியானம் டிரம்மை அவள் தூக்கிய வேகத்தில் குவாட்டெங் வேலையை விட்டு எழுந்து தள்ளி நின்றான்.

பேர் வைக்கும் நாள் வந்தது. விடியற்காலை, செர்வா வீட்டு முற்றம். எல்லாரும் வெள்ளையில் நின்றோம். அடோமா தைத்துப் போட்டிருந்த வெள்ளைக் கவுன் அவள் இடுப்புக்கு இப்போது கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. அதில் அவளுக்கு ஏகப் பெருமை. கடைசி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி?"

"நேத்து சாப்பிட்ட பயறு. வாயு பிடிச்சிருக்கு. பக்கத்துல நிக்காத."

பேர் வைக்கிற பெரியவர் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டார். பிள்ளை பொய் பேசாமல் வளர வேண்டும் என்று, எங்கள் வழக்கப்படி அதன் நாக்கில் தண்ணீரைத் தொட்டு வைத்து, "தண்ணின்னா தண்ணின்னே சொல்லு" என்று ஆரம்பித்தார். எல்லாரும் அவரையே பார்த்திருந்தார்கள். நான் தற்செயலாகக் கீழே பார்த்தேன். அந்த வெள்ளைக் கவுனின் பின்பக்கம் சிவப்பாக ஒரு பொட்டு. பார்க்கப் பார்க்கப் பெரிதானது.

"அடியே, உன் பின்னால…" என்று காதில் சொன்னேன்.

"என்ன, பூச்சியா?"

"செவப்பு."

அவள் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தொட்டு, விரலை முகத்துக்கு நேரே கொண்டுவந்து பார்த்தாள். ஒரு நொடி. அப்புறம் மேகசினில் லாரியை நிறுத்துகிற அதே குரலில் கத்தினாள்:

"வந்துடுச்சு!"

பெரியவர் கையிலிருந்த கோப்பை துள்ளியது. குழந்தை வீறிட்டது. முன்வரிசையில் நின்ற பொன்சு பதறித் திரும்பினான்.

"யாரு வந்தா? பாஸ்டரா?"

"பாஸ்டர் இல்லய்யா! எனக்கு வந்துடுச்சு! எனக்கு!"

அவனுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. புரிந்ததும் தொப்பியைத் தூக்கிக் காற்றில் எறிந்தான். நான் அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். இரண்டு கிழவிகள் எதற்கென்றே தெரியாமல் குலவை போட்டார்கள். செர்வா மட்டும் கொதித்துப்போனாள்.

"சபை நடுவுல, என் பிள்ளைக்குப் பேர் வைக்கிற நேரத்துல, இது என்ன அசிங்கம்? வெளிய போங்க!"

அழுகிற குழந்தையைத் தட்டிக்கொண்டே பெரியவர் சொன்னார்: "விடும்மா. பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்குதுன்னு தெரிஞ்சுபோச்சு."

என் மேல்துணியை அடோமாவின் இடுப்பில் சுற்றி, பொன்சுவின் ட்ரோட்ரோவில் ஏற்றினோம். வழி நெடுக அவன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

மத்தியானம் செர்வா சண்டை போட அவர்கள் வீட்டுக்கே வந்தாள். முற்றத்தில் அவள் கண்ட காட்சியில் கால் நின்றுவிட்டது. பொன்சு சட்டையைக் கழற்றிவிட்டு, முக்காலியில் உட்கார்ந்து, வாளித் தண்ணீரில் உப்பைப் போட்டு அந்த வெள்ளைக் கவுனைக் கசக்கிக்கொண்டிருந்தான். சுற்றிலும் குடியிருந்தவர்கள் எல்லாரும் பார்க்கிறார்கள்.

"அண்ணா! ஆம்பள தொடற துணியா அது?"

"ஏன், கை உதுந்துடுமா?"

"ஊர் என்ன பேசும்?"

"இந்தக் கறை உப்புப் போட்டா போயிடும் செர்வா. நாலு வருஷமா நீ இவளப் பேசினது எதப் போட்டாலும் போக மாட்டேங்குது. அதுக்கு ஏதாவது வழி இருந்தா சொல்லிட்டு உள்ள வா."

செர்வா உள்ளே வரவில்லை. ஆனால் வாசலில் நின்று, குழந்தைக்குத் தாகம், வீட்டுக்குப் போகிறேன் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். அவ்வளவு தணிந்து அவள் பேசி நான் கேட்டதில்லை.

திங்கட்கிழமை கடை திறந்ததும் அடோமா டாக்டருக்குப் போன் போட்டாள். எனக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில். விஷயத்தைச் சொன்னதும் அந்தப் பக்கம் டாக்டர் போட்ட கூச்சல் எங்கள் தகரக் கூரைகளை அதிர வைத்தது.

"எது வேலை செஞ்சுது? மாத்திரையா, கீரையா, இந்த டிரம்மா?" என்று கேட்டாள் அடோமா.

"எனக்கும் தெரியாது மேடம். நின்னுபோன வண்டிய மூணு பேர் சேந்து தள்ளுனாங்க. யார் அதிகமா தள்ளுனாங்கன்னு எப்படிச் சொல்றது? ஆனா ஒரு மாசம் வந்ததும் ஆட்டம் போட்டு நிறுத்திடாதீங்க. அடுத்த மாசம் பிந்தினாலும் பயந்துடாதீங்க. நடங்க."

சொன்னபடியே அடுத்த மாதம் பிந்தித்தான் வந்தது. அதற்கடுத்த மாதம் அவ்வளவு பிந்தவில்லை. பிள்ளை எப்போது என்று கேட்கிறவர்களிடம், "முதல்ல எனக்கு என் உடம்பு கிடைச்சிருக்கு. அதக் கொஞ்ச நாள் கொண்டாடிக்கறேனே" என்கிறாள். ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தத் திங்கட்கிழமை போன் பேசி முடித்ததும், குவாட்டெங் பட்டறையில் படுத்திருந்த லாரிக்கு அடியிலிருந்து தலையை நீட்டினான்.

"மேடம், என்ன விசேஷம்? லாட்டரியா?"

"அதுக்கும் மேல!"

"எங்களுக்கும் சொல்லுங்களேன்!"

"பொம்பளைங்க சமாச்சாரம்டா. நீ ஹாரன மட்டும் அடி!"

அவன் எழுந்து போய் லாரி ஹாரனை அழுத்தினான். பக்கத்துப் பட்டறைக்காரன் அவன் வண்டி ஹாரனை அழுத்தினான். சந்து சந்தாக, காரணம் தெரியாமலே, மேகசின் முழுக்க ஹாரன் ஏறிக்கொண்டே போனது. அடோமா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடுச்சந்தில் ஆடினாள்.